நிழலையும் கணக்கில் சேருங்கள்

நகர வீதிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் திட்ட அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வீதியை அகலப்படுத்தும் முன் எத்தனை வண்டி போகும், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்றெல்லாம் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நடந்துபோகிறவர் தலையில் வெயில் விழுமா என்பதை மட்டும் ஏன் பார்ப்பதில்லை? எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய இடத்தில் மரம் நடுவதோடு நிழல் வேலை முடிந்துவிடுகிறது.

கருவி இல்லை என்று சொல்லாதீர்கள். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் யூமெப் என்ற இணைப்பைச் சேர்த்தால், ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான சோல்வெய்க் என்ற கணினி மாதிரியும் கூடவே வருகிறது. லேசர் கதிரால் உயரம் அளக்கும் லைடாரில் எடுத்த கட்டட, மர உயரங்களையும் வானிலைத் தரவையும் கொடுத்தால், எந்த மணிக்கு எங்கே நிழல், அங்கே நிற்பவர் உடம்பில் எவ்வளவு வெப்பக் கதிர் விழும் என்று சொல்லிவிடும். நிழலுக்குள் வந்தால் காற்றின் வெப்பம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் குறையும், ஆனால் சுற்றிலுமிருந்து உடம்பு வாங்கும் கதிர்வீச்சு வெப்பநிலை, மேகமில்லாத பிற்பகலில், 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். சூடான இடங்களைச் சிவப்பாகக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடம் இதைக் காட்டாது. அது பார்ப்பது மொட்டைமாடியை, நாங்கள் நடப்பது கீழே.

இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே இரண்டு பக்கமும் சமமாக மரம் வைக்கும் பழக்கம் போய்விடும். தெற்கு வடக்காகப் போகும் வீதியில் மாலை நேரத்தில் மேற்குப் பக்க நடைபாதைக்குக் கட்டடங்களே நிழல் தரும், மேற்கு வெயில் எதிரே கிழக்குப் பக்கத்தில்தான் அடிக்கும், அதனால் பத்து மரத்துக்குத்தான் பணம் என்றால் பத்தையும் அங்கே வையுங்கள். கிழக்கு மேற்கு வீதியில் மாலை வெயில் வீதி நெடுகவே வரும். அங்கே கட்டடத்தை நம்ப முடியாது.

அப்புறம் அந்த அழகான கணினிப் படங்கள்! திறப்பு விழா அன்றே குடை விரித்த மரங்கள். நிஜத்தில் அன்று நிற்பது குச்சி கட்டிய கன்று. மாதிரியைக் கன்றின் அளவிலும் ஓட்டுங்கள், ஐந்தாம் ஆண்டுக்கும் ஓட்டுங்கள். மரம் வளரும்வரை எங்கே பந்தல் வேண்டும் என்று தெரியும்.

"பாதி நடைபாதைக்கு நிழல்" என்ற சராசரியும் ஏமாற்றும், ஏனென்றால் மீதிப் பாதி ஒரே நீட்டாக வெயிலில் கிடக்கலாம். வரைபடச் செயலிகள் வழி தேடும் முறைக்கு அடிப்படை, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கு. அதனிடம் வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மீட்டரையும் இரண்டாக எண்ணச் சொல்லி, வீடுகளிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் வழி கேளுங்கள். எந்த நேர்வழியை விட்டு அது சுற்றிப் போகிறதோ, முதல் மரம் அங்கே. சிக்னலில் நிற்கும் இடத்தையும் தனியாகப் பாருங்கள். ஓட்டுநர் பார்வைக்காக அங்கே மரம் தள்ளி வைக்கப்படுவது சரிதான், ஆனால் பச்சை விளக்குக்காகக் காத்திருப்பவருக்கு ஒரு கூரையாவது வேண்டாமா?

குழாய், கேபிள் வரைபடமும் நிழல் வரைபடமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். வேருக்கு இடம் ஒதுக்காமல் குழி தோண்டிவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் உதவாது. டெண்டர் விடும் முன்பே, கோடைக்கால நாள் ஒன்றின் மணிவாரி நிழல் வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், ஆட்சேபம் சொல்ல எங்களுக்கும் நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நடந்துபோகும் ஒருவர்