சதவீதம் போடுகிறீர்கள், வரம்பையும் பக்கத்திலேயே போடுங்கள்
வம்சாவளி டிஎன்ஏ சோதனை விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மறுபடியும் ஒரு புதுப்பிப்பு. மறுபடியும் வாடிக்கையாளர்களின் வம்சாவளி வரைபடம் மாறியிருக்கிறது. சோதனைக்குக் கொடுத்த எச்சில் அதேதான். ஆனால் நேற்றுவரை 14% காட்டிய பகுதி இன்று பட்டியலிலேயே இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். பணம் கட்டியவருக்குத்தான் தெரியாது.

மனித டிஎன்ஏவின் சுமார் 300 கோடி எழுத்துகளில் ஆறேழு லட்சம் இடங்களை உங்கள் சோதனைச் சிப் படிக்கிறது. அதில் பெரிய பிழை வருவதில்லை. பிறகு குரோமோசோமைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் உங்கள் ஒப்பீட்டுத் தொகுப்பில், அதாவது பூர்வீகம் தெரிந்தவர்களின் மாதிரிகளில், எந்த மக்களோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறீர்களே, தடுமாற்றம் அங்கேதான். தொகுப்பில் இருப்பவர்கள் இன்று வாழ்பவர்கள், 500 வருடத்துக்கு முந்தைய மூதாதையர் அல்லர். சில பகுதிகளுக்கு ஆயிரக்கணக்கில் மாதிரி, சிலவற்றுக்கு மிகக் குறைவு. பக்கத்துப் பக்கத்து நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்தவர்கள் என்பதால், தொகுப்பைக் கொஞ்சம் மாற்றினாலே துண்டின் பெயர் எல்லை தாண்டிவிடுகிறது. 2019-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவில் உருவான இரட்டையரின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. நிறுவனத்துக்கு நிறுவனம் விடை மாறியது. சிலவற்றில் இருவருக்கும் இடையிலேயே வித்தியாசம் வந்தது.

இதில் அதிகம் அடிபடுபவர், தத்துக் கொடுக்கப்பட்டு, பெற்றோர் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தவர். அவர் கையில் இருக்கும் ஒரே தடயம் அந்த 14%. அதை நம்பி ஒரு நாட்டின் பதிவேடுகளைத் தேடுகிறார், மொழி கற்கிறார். அந்த எண்ணின் உண்மையான வரம்பு 0 முதல் 22 வரை என்று இருந்தால், அது இரண்டு மூன்று சொடுக்குகளுக்கு அப்பால் சின்ன எழுத்தில் கிடக்கிறது. விளம்பரத்திலோ 'நீங்கள் யாரென்று அறியுங்கள்' என்ற பாணி. இது நியாயமில்லை.

அவருக்கு உண்மையில் கைகொடுப்பது உங்கள் உறவினர் பொருத்தம், அதாவது சோதனை செய்த மற்றவர்களோடு ஒப்பிட்டு உறவினரைக் காட்டும் பட்டியல். பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறீர்கள். பெற்றோரில் ஒருவர் என்றால் சுமார் 3,400 சென்டிமார்கன் பொருந்தும். அதைத் தாராளமாக நம்பலாம். 7 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ள துண்டுகளில் தற்செயல் பொருத்தம் நிறைய. சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்யும் சமூகங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். இந்த எச்சரிக்கையையும் முகப்பில் காணோம்.

எச்சிலை ஒப்படைப்பவர் தன் உடன்பிறந்தவர், பிள்ளைகளின் தகவலையும் சேர்த்தே தருகிறார். 2023-இல் உங்களில் ஒன்றான 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின; 2025-இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் பிறகும் மாதிரியை அழிக்கும் வழியை இணையக் கணக்கின் 'அமைப்புகள்' (செட்டிங்ஸ்) பகுதிக்குள் தேட வைப்பது ஏன்? அதைத் தனியாகவே கேட்க வேண்டும்.

இப்போதைக்குக் கேட்பது இவ்வளவுதான். முதல் பக்கத்தில், ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அதன் வரம்பைப் போடுங்கள். அந்தப் பகுதிக்கு எத்தனை பேரின் மாதிரி இருக்கிறது என்பதையும் போடுங்கள். புதுப்பிக்கும்போது பழைய முடிவை அழிக்காமல், எது ஏன் மாறியது என்று ஒரு வரி சேருங்கள். இந்த எண்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த புதுப்பிப்பிலேயே இதைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.