லைவ் ஆல்பம்னா கைதட்டல் மட்டும் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பரோட இசைப் பக்கத்துல, ஸ்டுடியோ பாட்டையே திரும்ப வாசிச்சு நடுவுல கைதட்டல் சேர்த்து விக்கிறதுதான் லைவ் ஆல்பம்னு எழுதியிருந்தீங்க. சில ஆல்பத்துக்கு அது பொருந்தும், நான் மறுக்கல. ஆனா அயர்லாந்து ப்ளூஸ் ராக் கிடார் கலைஞர் ரோரி கேலகரோட 'ஐரிஷ் டூர் 74'ங்கிற லைவ் ஆல்பத்தக் கேட்டவங்க யாரும் இப்படிப் பொத்தாம்பொதுவா எழுத மாட்டாங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

அது 1974 ஜனவரி. வடக்கு அயர்லாந்துல குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடுன்னு தினம் ஒரு செய்தி வந்துட்டிருந்த காலம், வெளியூர் ராக் பேண்டுங்க அதோட தலைநகரம் பெல்ஃபாஸ்ட் பக்கம் தலைவச்சே படுக்கல. பயந்தவங்களையும் குறை சொல்ல முடியாதுங்க, அடுத்த வருஷமே, 1975 ஜூலைல, மயாமி ஷோபேண்ட்ங்கிற குழு கச்சேரி முடிச்சு டப்ளின் திரும்புற வழில வேனை மறிச்சு மூணு கலைஞர்களைக் கொன்னுட்டாங்க. அப்படிப்பட்ட காலத்துல ரோரி விடாம பெல்ஃபாஸ்ட் போய் அல்ஸ்டர் ஹால்ல வாசிச்சாரு. அவர் பிறந்தது பாலிஷானன், வளர்ந்தது கார்க், ரெண்டும் அயர்லாந்து குடியரசுல இருக்கு, ஆனா அவர் முன்னாடி நடத்துன டேஸ்ட் பேண்டோட ஆரம்ப நாள்ல பெல்ஃபாஸ்ட்ல மாரிடைம் கிளப்ல வாசிச்சுத்தான் பேர் வாங்குனாரு, அவர் குழுவுல பேஸ் கிடார் வாசிச்ச ஜெர்ரி மெக்காவாய்க்கு சொந்த ஊரே அதான். ஆல்பத்தோட கடைசில அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டு வருதே, அதுக்குப் பேரும் 'மாரிடைம்'தான்.

பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க்னு அந்த டூர்ல ரெக்கார்டிங் வண்டியக் கொண்டுபோய் பதிவு பண்ணாங்க, அதே வருஷம் டபுள் ஆல்பமா வந்துச்சு. இப்ப உங்க கட்டுரை சொன்ன 'அதே பாட்டு' விஷயத்துக்கு வரேன். 'எ மில்லியன் மைல்ஸ் அவே' 1973ல வந்த 'டாட்டூ' ஆல்பத்துல ஏழு நிமிஷம்கூட முழுசா இருக்காது, இங்க ஒன்பது நிமிஷத்துக்கு மேல போகுது. 'வாக் ஆன் ஹாட் கோல்ஸ்' ஸ்டுடியோல ஏழு, மேடைல பதினொண்ணு. நீட்டிப் புடிச்சு நேரத்த ஓட்டுனதுன்னு நினைக்காதீங்க. 'மில்லியன் மைல்ஸ்' நடுவுல கிடார் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, கிட்டத்தட்ட மூச்சு விடுற சத்தம் அளவுக்கு வந்துரும், லூ மார்ட்டின் கீபோர்டும் ராட் டி'ஆத் டிரம்ஸும் கூடவே இறங்கும், யாரும் அவசரப்பட மாட்டாங்க, அப்புறம் அங்கேருந்து திரும்ப ஏறுறது இருக்கு பாருங்க, அது ஸ்டுடியோல வராது. எதிர்ல உக்காந்திருக்கவங்க அமைதியா காத்துட்டு இருக்காங்கங்கிற நம்பிக்கை இருந்தாதான் ஒருத்தரால அவ்ளோ தூரம் இறங்க முடியும். நான் எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்துல கையில இருக்கிற வேலைய நிறுத்திருவேன்.

'ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்' வேற மாதிரி. பேண்டே கிடையாது, அவரும் அக்கூஸ்டிக் கிடாரும் மௌத் ஆர்கனும்தான், அவ்ளோ பெரிய ஹால் சின்ன ரூம் ஆயிரும்.

ரோரி வாசிச்ச எலக்ட்ரிக் கிடார், அந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரப் பத்தியும் சொல்லணும். 1961 மாடல், 1963ல கார்க்ல ஒரு கடைல செகண்ட் ஹேண்டா 100 பவுண்டுக்கு வாங்கினது, அப்ப அவருக்கு 15 வயசு. ஒரு தடவை திருடு போய் மழைல கிடந்து திரும்பக் கிடைச்சுது. வருஷக்கணக்குல வேர்வை பட்டுப் பட்டு மேல இருந்த பெயிண்ட் பெரும்பகுதி உரிஞ்சு வெறும் மரம் தெரியும், அவரும் அதை மாத்தவே இல்ல, 1995ல 47 வயசுல இறக்குற வரைக்கும் அதுதான் அவரோட முக்கிய கிடார். 2024ல அது ஏலத்துக்கு வந்துச்சு, இப்ப அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கு. அந்த ஒரு செய்திக்கே நம்ம பேப்பர்ல அரைப் பக்கம் குடுத்திருக்கலாம்.

ப்ளூஸ் ராக்னு பேச்சு வந்தாலே அதே நாலு பேரத்தான் திரும்பத் திரும்ப எழுதுறீங்க சார், அவங்க பெரியவங்கதான், சந்தேகமே இல்ல. ஆனா இவரையும் ஒரு வாரம் எழுதுங்க. உங்க கட்டுரையாளர்கிட்ட இந்த ஆல்பத்தக் குடுத்து, ஹெட்போன் மாட்டி, வேற வேலை பாக்காம, மொதல் பாட்டு 'க்ரேடில் ராக்'ல ஸ்லைடு (விரல்ல குழாய் மாட்டிக் கம்பி மேல வழுக்கி வாசிக்கிறது) ஆரம்பிக்கிறதுலேருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவருக்கு அதே கருத்துன்னா எழுதட்டும், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா இசைப் பக்கத்த மொதல்ல புரட்டுற ஒரு வாசகர்