ரமலான் இரவுகளும் தம்பதியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரமலான் மாதம் முழுக்கக் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும் என்று தங்கள் ஆன்மிகப் பக்கத்தின் நோன்புக் கேள்வி பதிலில் வந்திருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கான விதி அது. நோன்புக்கு அப்படி இல்லை. நோன்பு கால இரவுகளில் தாம்பத்தியம் கூடும் என்று குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 187ஆம் வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. தடையெல்லாம் வைகறைத் தொழுகையான ஃபஜ்ரின் நேரம் தொடங்கியதிலிருந்து, சூரியன் மறையும் மஃரிப் வரைதான்.

இது தெரிந்த வீடுகளிலும் குளிப்பில் குழப்பம் வருகிறது. உறவுக்குப் பின் கடமையான குளிப்பை முடிக்குமுன் ஃபஜ்ர் தொழுகைக்கான பாங்கு ஒலித்துவிட்டால் அன்றைய நோன்பு போச்சு என்று நினைத்து, சிலர் விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டையே விட்டுவிட்டுக் குளிக்க ஓடுகிறார்கள். தேவையில்லை. நோன்பு வைக்கும் எண்ணமான நிய்யத் வைத்து, கைகால் முகம் கழுவும் ஒளு செய்து ஸஹர் சாப்பிட்டுவிட்டு, பாங்குக்குப் பிறகு குளித்தாலும் நோன்பு நிறைவேறும். சூரிய உதயத்துக்குள் ஃபஜ்ர் தொழுதாக வேண்டுமே, அதற்காகத்தான் அவசரம். பின்னிரவில் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இதே சட்டம்: ஃபஜ்ருக்கு முன் இரத்தம் நின்றது உறுதியானால் நிய்யத் வைத்துக்கொள்ளலாம், குளிப்பு பிறகு. நிய்யத்தில் மட்டும் கவனம் வேண்டும். மத்ஹப் எனும் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபியில் ஒவ்வோர் இரவும் ஃபஜ்ருக்கு முன்பே அது வந்துவிட வேண்டும். மற்றொரு பிரிவான ஹனஃபியில் ரமலான் நோன்புக்கு முற்பகல் வரை இடமுண்டு.

பகலில் தெரிந்தே உறவு கொண்டுவிட்டால் நிலைமை வேறு. அந்த ஒரு நாளைக் களாச் செய்வதோடு (பின்னொரு நாள் நோன்பு வைத்து ஈடுசெய்வதோடு) கஃப்பாரா எனும் பரிகாரமும் சேரும். அடிமையை விடுதலை செய்வது முதல் படி. இன்று அதற்கு வழியில்லை. அடுத்தது இடைவிடாமல் இரண்டு மாத நோன்பு. முதுமை, தீராத நோய் போன்ற காரணத்தால் அது இயலாதவருக்கு மட்டும் 60 ஏழைகளுக்கு உணவு. நேராகப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டு முடிந்தது என்பவர்கள்தான் அதிகம். நோன்பு வைக்க உடம்பு இடம் கொடுக்கும்போது அது செல்லாது.

இரண்டு மாதம் என்பதில் நாள் கணக்கு பார்க்காமல் இறங்கினால் பாடுதான். நடுவில் காரணமின்றி ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. ஹஜ் பெருநாள் வரும் துல்ஹஜ் மாதத்தில் 10 முதல் 13 வரை நோன்பே கூடாது. எனவே ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் வாரத்துக்குள் தொடங்கினால் ஹஜ் பெருநாளுக்கு முன் முடித்துவிடலாம். இரண்டாம் வாரம் கடந்து தொடங்கினால் பெருநாள் குறுக்கே வந்து, வைத்த நோன்பெல்லாம் கணக்கில் வராமல் போகும். அப்போது துல்ஹஜ் 14 வரை காத்திருப்பதே நல்லது.

இந்தக் கஃப்பாரா யார் மீது கடமை என்பதில்தான் தங்கள் பதில் பாதியோடு நின்றுவிட்டது. ஷாஃபி மத்ஹபில் கஃப்பாரா கணவன் மீது மட்டும். மனைவிக்கு அந்த நாளின் களா. ஹனஃபியில் மனைவியும் உடன்பட்டிருந்தால் அவள் மீதும் கஃப்பாரா உண்டு, வற்புறுத்தப்பட்டிருந்தால் களா மட்டும். வேண்டுமென்றே சாப்பிட்டு நோன்பை முறித்தவருக்கும் ஹனஃபியில் கஃப்பாரா உண்டு, ஷாஃபியில் இல்லை. நோன்பை அடியோடு மறந்து செய்துவிட்டால் இரண்டிலுமே நோன்பு முறியாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் மிகுதி, உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள். ஒரே பதிலை இரு தரப்புக்கும் அச்சிட்டால் ஒரு தரப்பு தவறாகத்தான் நடக்கும்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உள்ள சலுகையிலும் இதே வேறுபாடுதான். குழந்தைக்கு மட்டும் பயந்து நோன்பை விட்டால் ஷாஃபியில் களாவோடு நாளொன்றுக்கு 'முத்து' எனும் அரபு அளவையில் ஒன்று உணவு தானியத்தை ஃபித்யாவாகவும் (ஈட்டுத் தானமாகவும்) கொடுக்க வேண்டும். இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. தன் உடம்புக்குப் பயந்து விட்டிருந்தால் களா மட்டும். ஹனஃபியில் இரண்டுக்குமே களா போதும்.

இரவிலும் தடை உள்ள ஒரு நிலை உண்டு. தங்கள் பக்கம் அதைச் சொல்லவேயில்லை. ரமலானின் கடைசிப் பத்து நாளில் பள்ளிவாசலிலேயே வழிபாட்டுக்காகத் தங்கி இஃதிகாஃப் இருப்பவருக்கு, இடையில் வீட்டுக்கு வந்து போனாலும் உறவு கூடாது. மேலே சொன்ன அதே வசனத்தில் இதுவும் இருக்கிறது. மனைவி வந்து பார்ப்பதற்கோ பேசுவதற்கோ தடையில்லை.

இனி நோன்புக் கேள்வி பதில்களை வெளியிடும்போது, பதில் எந்த மத்ஹபின்படி என்று ஒவ்வொன்றின் கீழும் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருவர்,
காயல்பட்டினம்