பக்கப் பார்வையைத் திருப்பித் தந்தவர்களுக்கு

பாபநாசத்தை அடுத்த எங்கள் கிராமத்திலிருந்து, ஒரு விவசாயியின் மனைவி எழுதுகிறேன். நேற்று என் கணவர் தனியாக வயலுக்குப் போய் அறுவடையைப் பார்த்துவிட்டு வந்தார். துணைக்கு யாரும் போகவில்லை. வாசலில் நின்று அவர் திரும்பி வருவதைப் பார்த்தபோதே இதை எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆவணியில் வந்த தலைவலி விடவே இல்லை. சளி என்றார்கள், ஒற்றைத் தலைவலி என்றார்கள். இரவெல்லாம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார், எழுந்து எழுந்து கொல்லைக்குப் போவார். சர்க்கரையோ சரியாக இருந்தது. பிறகு, முப்பது வருடமாக நடந்த வரப்பிலிருந்தே கால் தவறிச் சேற்றில் விழத் தொடங்கினார்.

கும்பகோணத்துக் கண் டாக்டர் அம்மா, நீங்கள் செய்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவரை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, உங்கள் விரலைக் காதோரத்திலிருந்து மெல்ல முன்னே கொண்டு வந்தீர்கள். "தெரிகிறதா?" "இல்லை அம்மா." விரல் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரிகிறது என்றார். மற்றக் கண்ணிலும் அப்படியே. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இருட்டு. "கண்ணில் கோளாறு இல்லை. பார்வை நரம்புகள் குறுக்கே போகும் இடத்தில் ஏதோ அழுத்துகிறது, இன்றைக்கே தஞ்சாவூருக்குப் போங்கள்" என்று கையோடு கடிதமும் கொடுத்தீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

அறுவை செய்த டாக்டர் ஐயா, மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று ஸ்கேன் சொன்னது. "சாதாரணக் கட்டி இவ்வளவு தாகத்தைக் கொண்டு வராது, உள்ளே சீழ் இருக்கலாம்" என்று சந்தேகப்பட்டவர் நீங்கள்தான். மண்டையைப் பிளப்பார்கள் என்று மாமியார் அழுதபோது, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் மூக்கை வரைந்து, அதன் பின்னால் உள்ள எலும்பறை வழியே போவதைக் காட்டினீர்கள். நீங்கள் நினைத்தபடியே கட்டிக்குள் சீழ். அதை வெளியேற்றி, கட்டியையும் எடுத்து, தொடையிலிருந்து எடுத்த கொழுப்பால் மூளைநீர் கசியாதபடி அடைத்தீர்கள். பிட்யூட்டரி கோளாறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இப்படி இருக்காதாம்.

வார்டு சிஸ்டர்களே, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினீர்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, நரம்பு சுலபத்தில் அகப்படாது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, தடவித் தடவித் தேடி, ஒரே குத்தில் ஏற்றுவீர்கள். குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதினீர்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், மூக்கிலிருந்து தெளிவாகத் தண்ணீர் சொட்டினால் உடனே சொல்லுங்கள் என்று தினமும் நினைவூட்டினீர்கள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அந்தச் சுரப்பியின் குறையை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும் என்று என்னைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டீர்கள்.

ஊரில் உள்ளவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அறுவை நடந்தது ஐப்பசியில், நாற்று முற்றிப்போகும் நேரம். பக்கத்து வயல் அண்ணன் எங்கள் ஆறு மா நிலத்தையும் உழுது பரம்படித்தார். குழுவில் உள்ள அக்காக்கள் கூலி வாங்காமல் நட்டுக் கொடுத்தார்கள். ஓரகத்தி என் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் சோறு போட்டாள். தலைவலி, தீராத தாகம், பக்கப் பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் நாள் கடத்தாமல் கண் டாக்டரிடம் போங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வருகிறோம். வரும்போது இந்தச் சம்பாவின் புது அரிசியில் ஆளுக்கு ஒரு மரக்கால் கொண்டு வருகிறோம். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.