சிறப்பு முகாமை மழைக்கு முன் நடத்துங்கள்: அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களைச் சமூக சேவையில் ஈடுபடுத்தும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) அலுவலரும்கூட. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். இத்திட்ட மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாமை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடத்த உத்தரவிடுங்கள். அதில் பாதி நாட்களாவது பேரிடர்ப் பயிற்சிக்கு என்று கட்டாயமாக்குங்கள்.

இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் முகாம் நடப்பது பொங்கலுக்குப் பிறகு. அக்டோபரில் மழை பிடிக்கிறது, நவம்பரில் புயலும் பருவத் தேர்வும் சேர்ந்தே வருகின்றன. எல்லாம் ஓய்ந்து வெயில் ஏறிய பிறகு பிள்ளைகள் கிராமத்துக்குப் போய்க் கோயில் குளத்தைத் தூர்வாருகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், பேரணி போகிறார்கள். நல்ல வேலைகள்தான், நானே முன்னின்று செய்திருக்கிறேன். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், அவரை யார் தூக்கி வருவது என்று தெரிந்த ஆட்கள்தான் ஊருக்குத் தேவைப்பட்டார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டு ஆண்டில் தொடங்கியது. ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஓர் அலகுக்கு, அதாவது கல்லூரியில் இயங்கும் ஒரு குழுவுக்கு, 100 மாணவர்கள். இவ்வளவு நேரமும் இத்தனை கைகளும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. புதிதாகப் படை எதுவும் கட்ட வேண்டியதில்லை.

சென்ற முகாமில் நாங்கள் ஒரு கடலோரக் கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்தோம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸுக்குப் போய் வருபவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், யார் வீட்டில் டிராக்டர், யாரிடம் ஃபைபர் படகு. அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி எங்கே என்று கேட்டாள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் வேறொருவரை. சாவி கிடைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால் பெண்கள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இல்லை. பட்டப்பகலில், வானம் வெளுத்திருந்த நாளில் இது. அன்று மாலையே அவள் சாவி வைத்திருப்பவர் பெயரையும், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்பதையும் கைபேசி எண்ணோடு மையத்தின் சுவரில் பெயின்டால் எழுதி வைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இதே வேலையைச் செப்டம்பரில் செய்திருந்தால் அந்த ஆண்டு மழைக்கே ஊருக்கு உதவியிருக்கும்.

தீயணைப்பு வீரர்கள் மழைக்கு முன் நடத்தும் ஒத்திகைகளைப் பார்த்திருப்பீர்கள். மூடிய காலி வாட்டர் கேன்களைக் கயிற்றில் கட்டி மிதவையாக்குவது, மூச்சு நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அமுக்குவது. அரை நாளில் பழகிவிடலாம். ஆனால் வேடிக்கை பார்த்தால் வராது, கையால் செய்து பார்க்க வேண்டும்.

நாட்டின் பாதுகாப்பு என்று பேசும்போதும் கடற்கரை ஊர்களை மறக்கக் கூடாது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்க வந்த பயங்கரவாதிகள் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தித்தான் வந்தார்கள். கரை இறங்கியபோது அவர்களை முதலில் பார்த்தவர்கள் மீனவக் குப்பத்து மக்கள். தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 ஆகிய உதவி எண்கள் நம் கரையோரப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மனப்பாடம்? முகாமில் முதல் நாளே சொல்லித்தரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாணவர்களை உளவு பார்ப்பவர்களாக மாற்றிவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் ஒருமுறை சந்தேகப்பட்டால் அப்புறம் எந்த வீட்டிலும் நோட்டுப் புத்தகத்தோடு நுழைய முடியாது. அந்த நோட்டில் இருப்பது அவர்களுடைய நோயும் வறுமையும். அது ஊராட்சியோடும் மீட்புப் பணியோடும் நிற்க வேண்டும். அதேபோல, வெள்ளத்தில் இறங்குவது பயிற்சி பெற்ற வீரர்களின் வேலை. எங்கள் பிள்ளைகளைக் கரையில் நிறுத்துங்கள், காப்பீடு செய்து கொடுங்கள்.

இளைஞர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தரும் யுவா ஆப்தா மித்ரா திட்டத்தில் ஒன்றிய அரசு ஏற்கெனவே நாட்டு நலப்பணித் தொண்டர்களையும் தேசிய மாணவர் படையினரையும் சேர்த்திருக்கிறது. அதில் பயிற்சி பெறும் மாணவரே தன் அலகின் முகாமில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். கல்லூரிக்குப் போகாத மீனவ இளைஞர்களையும் முகாமில் உட்கார வையுங்கள். கடலைப் பற்றி எங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தர அவர்களைவிடச் சரியான ஆள் கிடையாது.

செப்டம்பரில் ஏழு நாள் என்றால் பாடம் முடியாது என்று துறைத் தலைவர்கள் சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சனி ஞாயிறுகளாகப் பிரித்து நடத்த அனுமதி கொடுங்கள், வருகைப்பதிவில் சலுகை கொடுங்கள், முகாம் நிதியை மார்ச்சில் இல்லாமல் ஜூலையிலேயே விடுவியுங்கள். கல்வியாண்டு நாட்காட்டி அச்சுக்குப் போகும் முன் சுற்றறிக்கை வந்துவிட்டால், தீயணைப்பு நிலையத்திலும் ஊராட்சியிலும் தேதி வாங்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்