வாணலி மட்டும் தப்பியது: எங்கள் குழுவின் மூத்த ஆட்டக்காரர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’ வீடியோ கேமை முதன்முதலாக ஆட என் தங்கை உங்கள் நடுவில் உட்கார்ந்தாள். நீங்கள் எல்லோரும் அதை ஆடி முடித்தவர்கள். அதனால் கதையை மறைக்காமலே எழுதுகிறேன்.

ஃபபூல் நாட்டிலிருந்து கிளம்பிய கப்பலை லெவியத்தான் என்ற கடல் மிருகம் தாக்குகிறது. ரிடியா கடலில் விழுகிறாள். ஏழு வயசுக் குழந்தை. அவள் அம்மா சாகக் காரணமான கதாநாயகன் செசிலே, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டி வந்த பிள்ளை. தங்கை கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு “அய்யோ, பாப்பா!” என்றாள். கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து, “அழாதே, பெரிய பொண்ணா திரும்பி வருவா” என்று ஒரு குரல். அதோடு விட்டிருக்கலாம். செசிலின் தோழர்களில் மந்திரம் கற்ற இரட்டையர்கள் கல்லாவது, பொறியாளர் சிட் வெடிகுண்டோடு பறக்கும் கப்பலிலிருந்து குதிப்பது, வீரர் யாங் பீரங்கி அறையில் மாட்டிக்கொள்வது, அத்தனை பேரும் பிழைத்து வருவது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி அறையே சிரித்தது. ஆடிக்கொண்டிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

தயவுசெய்து, முதல்முறை ஆடுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது கதையைச் சொல்லாதீர்கள்.

1991-ல் வந்த ஆட்டத்தில் இன்னும் என்ன ரகசியம் என்று அன்றைக்கே ஒருவர் கேட்டார். அவள் அப்போது பிறக்கவே இல்லையே! 2021-ல் பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு வந்த பிறகுதான் அவளைப் போன்றவர்கள் கைக்கு இது வந்திருக்கிறது. ஆட்டம் பழையதாக இருக்கலாம், அவளுக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது.

லெவியத்தானைப் போல மந்திரத்தால் அழைக்கப்படும் மிருகங்களின் உலகத்தில் காலம் வேகமாக ஓடும், அதனால் ரிடியா வளர்ந்துவிட்டாள் என்று ஒரு வரியில் சொன்னால் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். அந்தக் குழந்தை போய்விட்டாள் என்று நம்பிப் பல மணி நேரம் ஆடியவருக்கு அந்த இடத்தில் அலறலும் சிரிப்பும் சேர்ந்து வரும். செசிலோடு வந்த முதியவர் டெல்லா, மீட்டியோ மந்திரத்தைப் போட்டுச் செத்தவர் செத்தவர்தான், திரும்புவதில்லை. அதனால்தான் மற்றவர்கள் விஷயத்தில் கடைசிவரை மனசு அடித்துக்கொள்கிறது. நீங்களும் ஒருநாள் அப்படித்தானே ஆடினீர்கள்? உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தச் சலுகையை ஏன் அடுத்தவருக்குத் தர மறுக்கிறீர்கள் என்று கோபமாகவே வருகிறது.

அன்று உங்களில் யாரும் சொல்ல மறந்தது ஒன்றே ஒன்று. சில்ஃப் என்னும் தேவதைகளின் குகையில் யாங் கண் திறக்காமல் படுத்துக் கிடக்கிறார். மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. ஃபபூலுக்குப் போய் அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னால், அந்த அம்மா வாணலியை எடுத்துக் கொடுத்து இதால் ஒரு போடு போடச் சொல்கிறார்! தங்கை திரும்பி வந்து அடித்தாள், அவர் எழுந்தார். அவள் தரையில் உருண்டு சிரித்தாள். மூச்சு வாங்க, “அண்ணா, வாணலிண்ணா!” என்று சமையலறை வரை ஓடி வந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இந்த ஆட்டத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: கதையைச் சொல்லாதீர்கள். வரும் சனிக்கிழமை அவளை மறுபடி கூட்டி வருகிறேன். நிலாவுக்குக் கிளம்பும் இடத்தில் நிற்கிறாள். வில்லன் கோல்பெஸ் உண்மையில் யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
அவள் அண்ணன்