நர்சம்மாவுக்கு மகள் எழுதுவது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாச்சு. தலைமாட்டுலயே வச்சிருக்கேன், பதில் எழுதத்தான் கை வரல. கோவிச்சுக்காத.

இங்க இங்கிலாந்துல குளிர் ஏறிருச்சு. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுது. நீ குடுத்துவிட்ட தேங்காயெண்ணெய் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு. கக்கத்துல வச்சு உருக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறேன். ஹீட்டர் ராத்திரி ஒரு மணி நேரம் போட்டாப் போதும், போர்வை ரெண்டு இருக்கு. பக்கத்து வீட்டுக் கிழவி வெள்ளிக்கிழமை தவறாம கதவைத் தட்டி, எந்தக் கலர் குப்பைத்தொட்டியை வெளிய வைக்கணும்னு சொல்லிட்டுப் போகும். சில வாரம் ஆபீசுக்கு வெளிய நான் பேசுற ஆள் அது ஒண்ணுதான்.

அப்பா என் வேலையைப் பத்திக் கேட்டிருந்தாரு. இங்க பொது சுகாதாரம் 2013லேருந்து மாநகராட்சி கையில இருக்கு. அதுக்கு ஒரு இயக்குநர். ஊரோட உடம்பு எப்படி இருக்குன்னு வருசாவருசம் அவர் அறிக்கை குடுத்தாகணும், சட்டமே இருக்கு. நம்ம ஊர்லயும் 1939லேயே மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துருச்சுன்னு இயக்குநர்கிட்டச் சொன்னேன், ஆச்சரியப்பட்டாரு.

போன மாசம் தட்டம்மை ஊசி பத்தி மீட்டிங். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு புள்ளைகளுக்காவது போட்டாத்தான் பரவாது, இங்க சில தெருவுல அதுக்கு ரொம்பக் கீழ. ஆளாளுக்குப் படம் காட்டிப் பேசுனாங்க. இயக்குநர் கேட்டாரு: "ஊசி போடாத வீட்டுக்குள்ள போய் யாராவது உக்காந்திருக்கீங்களா?" ஒருத்தரும் வாயைத் தொறக்கல. நான் உன்னைப் பத்திச் சொன்னேம்மா. உசிலம்பட்டிப் பக்கம் ரெண்டாவதும் பொட்டப்புள்ள பொறந்த வீட்டுக்கு, எடை பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு விடாம நடந்தியே, அதை. மருமககிட்டப் பேசுறதுக்கு முன்னாடி மாமியாகிட்ட வெத்தல வாங்கிப் போடுவியே, அதையும்.

மறுவாரம் அவரே என்கூட வந்தாரு. லிப்ட் ஓடல, நாலு மாடி ஏறுனோம். சோமாலியாக்காரங்க வீடு. பாட்டி டீ குடுத்துச்சு. இருபது நிமிசம் ஊசிப் பேச்சே எடுக்கல. அப்புறம் அதுவாவே கேட்டுச்சு: "மருந்துல பன்னியிலேருந்து எடுத்தது கலந்திருக்காமே?" அவர் மழுப்பல. ரெண்டு கம்பெனி மருந்து இருக்கு, ஒண்ணுல அந்த ஜெலட்டின் உண்டு, இன்னொண்ணுல கெடையாது, அதையே கேட்டு வாங்கிக்கலாம்னு சொன்னாரு. இதை அந்த வீட்டுல யாரும் வந்து சொன்னதே இல்லியாம். மூணு நாள் கழிச்சுப் பேரனைக் கூட்டிக்கிட்டு வந்துருச்சு. பெரிய அதிகாரின்னா இப்படி இருக்கணும்மா. உனக்கு மேல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா, ரிஜிஸ்டர் எழுதியே உன் கண்ணு இப்படிப் போயிருக்காது.

நேத்து குழாயைத் தொறந்ததும் குளோரின் வாசம் குப்புனு வந்துச்சு. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு முகாம் டூட்டி முடிஞ்சு நீ வருவியே, சேலையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசம், தலையில மட்டும் மல்லி. குழாயை மூடாமயே நின்னுட்டேன்.

சரி, சின்னவ விசயத்துக்கு வர்றேன். முழுகாம இருக்கான்னு எழுதியிருந்த. கர்ப்பத்தைப் பதிஞ்சா குடுக்குற பிக்மி நம்பர் வாங்கியாச்சா? பன்னெண்டு வாரத்துக்குள்ள அவ ஊரு நர்சுகிட்டப் பதியச் சொல்லு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் ஆதாரம். சம்பந்தியம்மா எல்லாம் பிரைவேட்ல பாத்துக்கலாம்னு மறிக்குதாமே. நீயே திருமங்கலத்துக்கு ஒரு நடை போ. மொதல்ல அந்தம்மாகிட்ட உக்காரு, வெத்தல வாங்கிப் போடு.

இந்த மாசம் பணம் பத்து நாள் பிந்தும், பேங்குல ஏதோ சுணக்கம். செக்கானூரணி மாமாகிட்டக் கைமாத்து கேக்காத. மேற்குப் பக்கக் கூரை ஓடுகளை மட்டும் மழைக்கு முன்னாடி மாத்தச் சொல்லு. கண் ஆஸ்பத்திரிக்கு எந்தத் தேதின்னு எழுது.

உன் மக